பதினேழாம் நம்பர் பெண்

கல்யாணம் முடிந்து, பந்தல் பிரித்து, பாத்திரங்களை எண்ணிக் கொடுத்தனுப்பிய பிறகு, வீட்டுப் பெண்கள் இரண்டு நோட்டுப் புத்தகங்களை வைத்துக்கொண்டு உட்காருவது வழக்கம். ஒன்று, யார் யாருக்குப் பத்திரிகை அனுப்பினோம் என்கிற நோட்டு. மற்றொன்று மொய் நோட்டு. ஒருத்தி பெயரைப் படிப்பாள்; இன்னொருத்தி மொய் நோட்டில் விரலை வைத்துத் தேடுவாள். "ஏன் சித்தி, பெரிய அத்தை வந்திருந்தாளே, அவள் பெயரைக் காணோமே?" என்று ஒரு குரல் கிளம்பும். "நன்றாகப் பாரடி, அவள் பிள்ளை பெயரில் எழுதியிருப்பார்கள்!" என்று பதில் வரும்.

இந்த வேலைக்குக் கம்ப்யூட்டர்க்காரர்கள் ஒரு பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். சம்பந்தமுள்ள இரண்டு பட்டியல்களில் ஜோடி சேராத பதிவுகளைக் கண்டுபிடிப்பதாம்! நாம் வெற்றிலை மடித்துக்கொண்டே செய்கிற காரியம்தான். ஆனால் இயந்திரத்திடம் அதைச் செய்யச் சொல்வதில் சில சூட்சுமங்கள் இருக்கின்றன. அவை தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வாரம் வந்திருக்கும் ஒரு கடிதமே சாட்சி.

எழுதியவர் ஒரு சிறிய மாதர் சங்கத்தின் காரியதரிசி. அவர்கள் சங்கம் 48 ஏழை மாணவிகளுக்குப் பருவத்துக்கு ஒரு முறை உபகாரச் சம்பளம் கொடுக்கிறது. கம்ப்யூட்டரில் இரண்டு பட்டியல்கள். முதலாவது, மாணவிகள் பட்டியல். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நம்பர் உண்டு. இரண்டாவது, பட்டுவாடாப் பட்டியல். எந்த நம்பர் பெண்ணுக்கு எந்தத் தேதியில் பணம் போயிற்று என்பது அதில் இருக்கிறது.

"மாணவிகள் 48 பேர், பட்டுவாடாவும் 48 வரி, பணமும் பைசா பிசகாமல் சரியாக இருந்தது" என்று எழுதுகிறார் அந்தச் சகோதரி. "ஆனாலும் ஒரு பெண்ணுக்குப் பணம் போகவே இல்லை. பரீட்சைக்குப் பணம் கட்ட முடியாமல் அவள் தவித்திருக்கிறாள். எங்களிடம் வந்து கேட்கக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள். பள்ளிக்கூடத்து டீச்சர் தற்செயலாகச் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. காலேஜில் படிக்கும் என் மகன், 'இதென்ன பிரமாதம், அம்மா? கம்ப்யூட்டரையே கேட்டுவிடலாம்' என்று ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தான். 'விட்டுப்போனவர் ஒருவரும் இல்லை' என்று பதில் வந்தது! கண் எதிரே ஒரு பெண் நிற்கும்போது கம்ப்யூட்டர் இப்படிப் பொய் சொல்லலாமா?"

சொல்லாது, சகோதரி. நீங்கள் பெயர்களை எடுத்துவிட்டு நம்பர்களை மட்டும் அனுப்பியிருந்தீர்கள். அந்த ஜாக்கிரதைக்கு முதலில் என் பாராட்டு. இரண்டு பட்டியலையும் ஒத்துப் பார்த்ததில், விட்டுப்போனவள் 17-ஆம் நம்பர் பெண் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அவளிடம் போய்ச் சேருவதற்குள் நாலைந்து வாசற்படிகளைத் தாண்ட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கூட்டுத்தொகை என்கிற மாயம்

48 பெண்கள், 48 வரிகள். ஆகவே எல்லோருக்கும் போய்விட்டது என்று நினைக்கத் தோன்றுகிறது. இருபது பேருக்கு இருபது லட்டு செய்து, தட்டில் ஒன்றும் மிச்சமில்லை என்றால், இருபது பேரும் சாப்பிட்டதாக அர்த்தமா? வீட்டில் ஒரு வாண்டுப் பயல் இருந்தால் அந்தக் கணக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்! ஒருவனுக்கு இரண்டு போயிருக்கும். ஒருத்திக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. மொத்தம் மட்டும் சரியாக இருக்கும்.

எண்ணிக்கையும் எண்ணிக்கையும் ஒத்துப்போவது வேறு. ஆளும் ஆளும் ஒத்துப்போவது வேறு. இந்த வித்தியாசத்தை மறந்துவிடுவதால்தான் எத்தனையோ பட்டியல்களில் எத்தனையோ பெயர்கள் சத்தமில்லாமல் நழுவிப் போகின்றன.

இரண்டு பட்டியல் எதற்கு?

"எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?" என்று சிலர் கேட்பார்கள். ஒரு பெண்ணுக்கு வருஷத்தில் மூன்று தடவை பணம் கொடுத்தால், அவள் பெயர், தகப்பனார் பெயர், விலாசம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் மூன்று தடவை எழுத வேண்டும். விலாசம் மாறினால் மூன்று இடத்திலும் திருத்த வேண்டும். ஓரிடத்தில் திருத்தி இரண்டு இடத்தில் மறந்துவிட்டால், அந்தப் பெண் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று யாருக்குமே தெரியாது.

இதற்கு வழி சொன்னவர் எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர். அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியின் ஸான் ஹோஸே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு விஷயத்துக்கும் தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றையொன்று சேர்ப்பதற்குப் பொதுவாக ஒரு நம்பர் இருக்கட்டும் என்பதுதான் அவர் 1970-இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம். இன்று பாங்கிக் கணக்கிலிருந்து ரயில் டிக்கெட் வரையில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் நடக்கின்றன.

பட்டியல்களிடம் கேள்வி கேட்க ஒரு பாஷை வேண்டாமா? அதை அதே கம்பெனியைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் 1974-இல் வகுத்துக் கொடுத்தார்கள். அதுதான் எஸ்.க்யூ.எல். என்று இப்போது வழங்குவது. பாவம், பாய்ஸ் அதே வருஷம் இளம் வயதிலேயே காலமாகிவிட்டார். தாம் நட்ட செடி உலகமெல்லாம் பரவியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இலை போடுவதில் இருக்கிறது ரகசியம்

இப்போது இரண்டு பட்டியலையும் சேர்க்கச் சொல்கிறோம். சாதாரணமாகச் சேர்த்தால் (இதற்கு 'இன்னர் ஜாயின்' என்று பெயர்) கம்ப்யூட்டர் என்ன செய்யும் தெரியுமா? இரண்டிலும் இருக்கிற நம்பர்களை மட்டும் ஜோடி சேர்த்துக் காட்டும். ஜோடி கிடைக்காத நம்பரைப் பற்றி மூச்சு விடாது.

பந்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வந்தவர் வந்தவருக்கு மட்டும் இலை போட்டுக்கொண்டே போனால், பந்தியில் ஓர் இலைகூடக் காலியாக இருக்காது. பார்க்க நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் வராதவர் யார் என்று அந்தப் பந்தியைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது.

அதற்குப் பதிலாக, அழைத்தவர் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதி இலை போட்டுவிடுங்கள். வந்தவர்கள் தங்கள் இலையில் உட்காரட்டும். காலி இலைக்கு உரியவர்தான் வராதவர். விஷயம் முடிந்துவிட்டது!

இப்படி முதல் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் இலை போட்டுவைத்துச் சேர்ப்பதற்கு 'லெஃப்ட் ஜாயின்' என்று பெயர். இடப்பக்கத்துப் பட்டியலில் இருப்பவர்கள் ஒருவர்கூட விட்டுப்போக மாட்டார்கள். ஜோடி இல்லாதவருக்கு எதிரே வலப்பக்கம் காலியாக இருக்கும். அந்தக் காலிக்குக் கம்ப்யூட்டர் பாஷையில் 'நல்' என்று பெயர். 'நல்' என்றதும் ஏதோ நல்லது என்று எண்ணிவிடாதீர்கள்! ஒன்றுமில்லை, தெரியாது என்று அர்த்தம். கேள்வியைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"மாணவிகள் எல்லோரையும் எடு. நம்பருக்கு நம்பர் பட்டுவாடாவோடு லெஃப்ட் ஜாயின் செய். பட்டுவாடா நம்பர் நல்லாக இருக்கும் பெண்களை மட்டும் காட்டு."

காட் வகுத்த முறை 1970-இல் வந்துவிட்டது என்றாலும், லெஃப்ட் ஜாயின் என்பது எஸ்.க்யூ.எல். பாஷையின் அதிகாரபூர்வமான இலக்கணத்தில் சேர்ந்தது 1992-இல்தான். வந்தவர்களை எண்ணுவதில்தான் உலகத்துக்கு அவசரம் அதிகம் போலிருக்கிறது.

பெயர் எழுதாத கவர்

சரி, அந்தக் காலேஜ்ப் பையனின் கேள்விக்கு ஏன் 'ஒருவரும் இல்லை' என்று பதில் வந்தது? அவன் லெஃப்ட் ஜாயினை உபயோகிக்கவில்லை. 'பட்டுவாடா நம்பர்களுக்குள் இல்லாத மாணவிகளைக் காட்டு' என்று நேரடியாகக் கேட்டுவிட்டான். இதற்கு 'நாட் இன்' என்று பெயர். பார்த்தால் நியாயமான கேள்விதான். அவனைக் குறை சொல்ல வேண்டாம். தேர்ந்தவர்களே இதில் சறுக்குகிறார்கள்.

காரணம் இதுதான். பட்டுவாடாப் பட்டியலில் ஒரு வரியில் தேதி இருக்கிறது, தொகை இருக்கிறது, மாணவி நம்பர் மட்டும் எழுதவில்லை. அந்த இடம் நல். அந்த ஒரு வரி மொத்தத்தையும் கெடுத்துவிட்டது.

மறுபடியும் மொய் நோட்டுக்கே வருவோம். வந்திருக்கும் கவர்களில் ஒன்றில் மட்டும் பெயர் எழுதவில்லை. உள்ளே 501 ரூபாய் இருக்கிறது. இப்போது உங்களிடம் ஒருவர், "பெரிய அத்தை மொய் வைக்கவில்லை என்று சத்தியம் செய்வாயா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அந்தப் பெயரில்லாக் கவர் அவளுடையதாக இருக்கலாம் அல்லவா? "தெரியாது" என்றுதான் சொல்ல முடியும். சின்ன மாமா? அவரும் அப்படியே. பட்டியலில் பெயரில்லாத யாரைக் கேட்டாலும் "தெரியாது, தெரியாது" என்பதே பதில்.

எஸ்.க்யூ.எல். பாஷையில் ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று பதில்கள் உண்டு. 'ஆம்' என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களை மட்டுமே அது நமக்குக் காட்டும். 17-ஆம் பெண் பெறவில்லை என்பது நிச்சயமா? தெரியாது. ஆகவே அவள் பெயரைக் காட்டவில்லை. அது பொய் சொல்லவில்லை. சத்தியம் செய்ய மறுத்தது. நாம்தான் அந்த மௌனத்தை 'ஒருவரும் இல்லை' என்று எடுத்துக்கொண்டோம்.

இதற்கு மாற்று, கேள்வியைத் திருப்பிக் கேட்பது. "பெரிய அத்தை பெயர் எழுதிய கவர் ஒன்றாவது இருக்கிறதா, பார்த்துச் சொல்" என்று கேளுங்கள். "இல்லை" என்று உடனே பதில் வந்துவிடும். பெயரில்லாக் கவர் இதில் குறுக்கிடாது. இந்தக் கேள்விக்கு 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று பெயர். லெஃப்ட் ஜாயின் அல்லது நாட் எக்ஸிஸ்ட்ஸ், இரண்டில் எதை வேண்டுமானாலும் பயப்படாமல் உபயோகிக்கலாம். நாட் இன் மட்டும், நம்பர் இல்லாத வரி ஒன்றுகூடக் கிடையாது என்று நிச்சயமாகத் தெரிந்தால் போதும்.

இப்படிக் கேட்டதும் மூன்று நம்பர்கள் வந்தன: 17, 29, 36.

மறுபக்கமும் பார்க்க வேண்டும்

ஒரு பெண்தானே விட்டுப்போனாள், மூன்று எங்கிருந்து வந்தது? இங்கேதான் பலர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். மாணவிப் பட்டியலிலிருந்து பட்டுவாடாவைப் பார்த்தது போலவே, பட்டுவாடாவிலிருந்து மாணவிப் பட்டியலையும் பார்க்க வேண்டும். பணம் போனதாக எழுதியிருக்கிறது, ஆனால் அந்த நம்பரில் மாணவியே இல்லை. அப்படி ஏதாவது வரி உண்டா? இத்தகைய வரிகளைக் கம்ப்யூட்டர்க்காரர்கள் 'அநாதை' என்றே சொல்கிறார்கள்.

தேடியதில் ஓர் அநாதை அகப்பட்டது: 63. நம்பர்கள் 48-ஓடு முடிந்துவிடுகின்றன. 63 எங்கிருந்து வந்தது? 36-ஐத் தலைகீழாக அடித்துவிட்டால் 63 அல்லவா? ரசீதைப் பார்க்கச் சொன்னேன். 36-ஆம் பெண் பணம் பெற்றுக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இந்தப் பக்கத்தில் ஜோடியில்லாத ஒன்றும் அந்தப் பக்கத்தில் ஜோடியில்லாத ஒன்றும் சேர்ந்து ஒரு ஜோடி ஆகிவிட்டன.

நம்பர் எழுதாத வரிக்கு உரிய ரசீதில் இருந்த கையெழுத்து 29-ஆம் பெண்ணுடையது. அவளுக்கும் குறையில்லை.

மிச்சம் 17. ஒரே நம்பர் இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று கடைசியாகப் பார்த்தோம். 11 இரண்டு தடவை வந்திருந்தது. யாரோ கையால் எழுதிய 17-ஐ 11 என்று படித்திருக்கிறார்கள். பணமும் 11-ஆம் பெண்ணின் பாங்கிக் கணக்குக்கே போய்விட்டது. ஆக, 45 பெண்கள் சரியாகப் பொருந்தினார்கள். விட்டுப்போனவர்களாகத் தோன்றிய மூவரையும் சேர்த்தால் 48. பட்டுவாடாவிலும் அந்த 45 வரியோடு 11-இன் இரண்டாவது வரி, 63, நம்பரில்லாத வரி மூன்றையும் கூட்டினால் 48. இப்படி இரண்டு பக்கமும் விடை வந்தால்தான் கணக்கு முடிந்ததாக அர்த்தம்.

அடுத்த பருவத்துக்கு ஓர் எச்சரிக்கை

இது முதல் பருவம் என்பதால் தப்பித்தீர்கள். அடுத்த பருவத்தில் பட்டுவாடாப் பட்டியலில் இரண்டு பருவத்து வரிகளும் கலந்திருக்கும். அப்போது பழைய கேள்வியையே கேட்டால், போன தடவை பெற்று இந்தத் தடவை பெறாத பெண் அகப்பட மாட்டாள். அவள் நம்பர்தான் பழைய வரியில் இருக்கிறதே!

"பருவத்தையும் கேள்வியில் எழுதிவிடுகிறேன்" என்பீர்கள். எங்கே எழுதுகிறீர்கள் என்பதில்தான் விஷயம். பட்டியல்களைச் சேர்த்து முடித்த பிறகு, 'இரண்டாம் பருவமாகவும் இருக்க வேண்டும், காலியாகவும் இருக்க வேண்டும்' என்று நிபந்தனை போட்டால் ஒருவரும் தேற மாட்டார்கள். காலி இலைக்குப் பருவம் ஏது? முதலில் இந்தப் பருவத்து வரிகளை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு, பிறகு அவற்றோடு சேர்க்க வேண்டும். கேள்வி எழுதும்போது 'ஆன்' என்ற இடத்தில் பருவத்தைச் சொன்னால் போதும். 'வேர்' என்ற இடத்தில் சொன்னால் வம்பு.

பெயரை நம்பாதீர்கள்

சில சகோதரிகள் நம்பர் எதற்கு, பெயரை வைத்தே ஒத்துப் பார்க்கலாமே என்று நினைக்கலாம். நம் பெயர்கள் இருக்கிற இருப்பில் அது ஆகாத காரியம். விஜயலட்சுமி ஒரு பட்டியலில், விஜயலக்ஷ்மி இன்னொன்றில். நமக்கு ஒருத்தி, கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். பெயருக்கு முன்னால் ஓர் இடைவெளி தவறி விழுந்தாலும் வேறு ஆள் என்று எடுத்துக்கொள்ளும்.

ஆண்பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு சங்கடம் நமக்கு உண்டு. கல்யாணத்துக்கு முன் தகப்பனார் இனிஷியல். பின்னால் கணவர் இனிஷியல். பள்ளிச் சர்ட்டிபிகேட்டில் எஸ். கமலா, ரேஷன் கார்டில் ஆர். கமலா. இரண்டு பட்டியலை ஒத்துப் பார்க்கிறவர் பெயரை மட்டும் நம்பினால், அந்தக் கமலா இரண்டிலும் ஜோடியில்லாதவளாகிவிடுவாள். பான் கார்டை ஆதாரோடு இணைக்க 2023 ஜூன் 30 வரையில் கெடு கொடுத்தார்களே, அப்போது இரண்டிலும் பெயர் வேறு வேறு விதமாக இருந்தவர்கள் திருத்தத்துக்கு அலைந்தது நினைவிருக்கும். இணைக்காத பான் கார்டுகள் ஜூலை 1-லிருந்து செல்லாமல் நின்றன.

அதனால்தான் சொல்கிறேன்: ஜோடி சேராதவர்களின் பட்டியல், விசாரிக்க வேண்டியவர்களின் பட்டியலே தவிர, தீர்ப்பு அல்ல. நம் கணக்கிலேயே பாருங்கள், மூன்று பேர் வந்தார்கள்; விசாரித்தபோது இரண்டு பேர் பணம் பெற்றிருந்தார்கள். 'பட்டியலில் ஒத்துவரவில்லை' என்று சொல்லி ஒருவர் பெயரை அடிப்பதற்கு முன்னால், அந்த வீட்டுக் கதவை ஒரு தரம் தட்டிப் பார்க்க வேண்டும்.

எக்ஸெல் வைத்திருப்பவர்களுக்கு

கேள்வி பாஷையெல்லாம் நமக்கு எதற்கு, எக்ஸெல்லில்தான் கணக்கு வைத்திருக்கிறோம் என்பவர்களுக்கும் வழி உண்டு. மாணவி நம்பருக்குப் பக்கத்துக் கட்டத்தில் 'கவுண்ட்இஃப்' என்ற சூத்திரத்தைப் போடுங்கள். அந்த நம்பர் பட்டுவாடாப் பக்கத்தில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிச் சொல்லும். 0 வந்தால் விட்டுப்போனவள். 1 வந்தால் சரி. 2 வந்தால் இரட்டைப் பட்டுவாடா. ஒரே சூத்திரத்தில் இரண்டு குறையும் தெரிந்துவிடும். பட்டுவாடாப் பக்கத்திலும் இதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் அநாதைகள் அகப்படும்.

'விலுக்கப்' என்ற சூத்திரத்தைப் பழகியவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். ஒரு பக்கத்தில் 17 என்பது எண்ணாகவும், மறுபக்கத்தில் எழுத்தாகவும் பதிந்திருந்தால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அந்தச் சூத்திரம் ஜோடி சேர்க்காது.

மைக்ரோஸாஃப்ட் ஆக்ஸெஸ் வைத்திருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. 'ஃபைண்ட் அன்மேட்ச்டு குவெரி விஸார்ட்' என்று இதற்கென்றே ஓர் உதவியாள் அதில் இருக்கிறான். எந்தப் பட்டியலில் இருப்பவர்கள் வேண்டும், எந்தப் பட்டியலில் இல்லாதவர்கள், எந்த நம்பரால் சேர்ப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தானே கேள்வியை எழுதிக் கொடுப்பான்.

பழகிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு 'நார்த்விண்ட்' என்ற பழைய மாதிரிக் கணக்கு நல்லது. உணவுப் பண்டம் விற்கும் ஒரு கற்பனைக் கம்பெனியின் கணக்கு அது. 91 வாடிக்கைக்காரர்கள், 830 ஆர்டர்கள். ஓர் ஆர்டர்கூடக் கொடுக்காதவர்கள் யார் என்று கேளுங்கள். இரண்டு பேர் வர வேண்டும்: ஒன்று மாட்ரிட் நகரத்தில் உள்ளது, இன்னொன்று பாரிஸில். அவர்களைக் கழித்தால் 89. வேறு விடை வந்தால் கேள்வியில் பிசகு என்று அர்த்தம்.

பூட்டும் சாவியும்

கடைசியாக, இனிமேல் இப்படி நேராமல் தடுக்க முடியாதா என்று கேட்டிருந்தீர்கள். ஓரளவு முடியும். 'மாணவிப் பட்டியலில் இல்லாத நம்பரைப் பட்டுவாடாவில் ஏற்காதே' என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை போடலாம். 'ஃபாரின் கீ' என்று அதற்குப் பெயர். போட்டிருந்தால் 63 உள்ளே நுழைந்திருக்காது. 'நம்பர் இல்லாத வரியை ஏற்காதே' என்று இன்னொரு கட்டளை. அப்போது பெயரில்லாக் கவர் தொல்லை இல்லை. 'ஒரே பருவத்தில் ஒரே நம்பர் இரண்டு தடவை வரக்கூடாது' என்று மூன்றாவது. 11-க்கு இரண்டாம் தடவை பணம் பதியும்போதே கம்ப்யூட்டர் கையைப் பிடித்திருக்கும்.

மூன்று பூட்டையும் அவசியம் போடுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பூட்டுகளெல்லாம் தப்பாக எழுதுவதைத்தான் தடுக்கும். எழுதாமலே விடுவதைத் தடுக்காது. நாளைக்கு 17-ஆம் பெண்ணுக்கு யாரும் பணமே அனுப்பாமல் இருந்துவிட்டால், எந்தப் பூட்டும் சத்தம் போடாது. அதை நாமாகத்தான் கேட்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு பட்டுவாடாவும் முடிந்த மறுநாள், 'யாருக்குக் கொடுத்தோம்' என்ற கணக்கோடு 'யாருக்குக் கொடுக்கவில்லை' என்ற கணக்கையும் எடுத்துச் சங்கத்துக் கூட்டத்தில் படியுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அந்தப் பட்டியலை நோட்டீஸ் பலகையில் ஒட்டாதீர்கள். கூச்சத்தினால் வாய் திறக்காத பெண்ணை, ஊரறிய நிறுத்தி உதவி செய்வானேன்? 11-ஆம் பெண்ணையும் கடிந்துகொள்ள வேண்டாம். வந்த பணத்தைச் சங்கம் கொடுத்ததாகவே அவள் நினைத்திருப்பாள். அதை அடுத்த பருவத்துக்கு என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 17-ஆம் பெண்ணுக்குச் சேர வேண்டியதை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். பரீட்சைப் பணத்துக்குக் கெடு இன்னும் இருக்கிறதா என்று அந்த டீச்சரைக் கேட்டு எனக்கும் ஒரு வரி எழுதினால் சந்தோஷப்படுவேன்.